இரண்டு 10 அங்குல சப், ஒரு மோனோ ஆம்ப்: சத்தம் கூட்டினால் ப்ரொடெக்ட் விளக்கு எரிகிறது

செங்காங்_சவாரி எழுதியது:

அண்ணன்மார்களே, ஒரு யோசனை வேண்டும். சிங்கப்பூரில் ஓட்டும் வண்டி, 2017 டொயோட்டா ஆல்டிஸ். பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயரும் (ஆம்ப்), பேஸுக்கு சப்வூஃபரும் (சப்) மாட்டியிருக்கிறது. திரையும் ரிவர்ஸ் கேமராவும் அதோடு சேர்ந்திருப்பதால் கம்பெனி ஹெட் யூனிட்டை (டாஷ்போர்டில் உள்ள பாட்டுப் பெட்டி) மாற்றவில்லை. மற்றவை:

4 சேனல் ஆம்ப், கிளாஸ் ஏபி, 4 ஓமில் 75 வாட் வீதம். முன்கதவில் 6.5 அங்குல காம்போனன்ட் (ட்வீட்டர் தனியாக உள்ள ஸ்பீக்கர் செட்), பின்னால் கோஆக்சியல் (ட்வீட்டர் உள்ளேயே சேர்ந்த ஸ்பீக்கர்).
மோனோ ஆம்ப், கிளாஸ் டி, 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட். 2 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று கையேட்டில் இருக்கிறது.
10 அங்குல சப் இரண்டு, ஒரே பெட்டியில். ஒவ்வொன்றிலும் இரட்டைக் காயில், காயிலுக்கு 4 ஓம். ஒரு சப்புக்கு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு) 400 வாட்.
இணையத்தில் வாங்கிய '4 கேஜ்' வயரிங் செட். ஹெட் யூனிட்டில் ஆர்சிஏ (ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் முனை) இல்லாததால், ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ-வாக மாற்ற டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு லைன் அவுட் கன்வர்ட்டர்.

பிரச்சினை மூன்று. சத்தம் பாதிக்கு மேல் போனால் சப் நின்று மோனோ ஆம்பில் சிவப்பு ப்ரொடெக்ட் (தற்காப்பு) விளக்கு எரிகிறது. அணைத்துப் போட்டால் திரும்ப வரும். இரண்டாவது, ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் ஏறுகிறது. மூன்றாவது, பேஸ் அடிக்கும்போது முன்விளக்கு மங்குகிறது. மாட்டிக் கொடுத்த கடையில் "ஆம்ப் பத்தாது, பெரிசு போடுங்க, கூடவே கெப்பாசிட்டர் ஒன்று" என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

---

ஓம்_கணக்கு எழுதியது:

எதையும் வாங்காதீர்கள் தம்பி. முதல் பிரச்சினை ஆம்ப் சிறிசு என்பதால் வருவதல்ல. ஆம்பின் தலையில் தூக்க முடியாத சுமையை ஏற்றியிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

உங்கள் மோனோ ஆம்பில் ஸ்பீக்கருக்கு இரண்டு ஜோடி முனை இருக்கிறதா? ஒவ்வொரு சப்பிலும் இரண்டு காயிலையும் பேரலலாக (பக்க இணைப்பில்) இணைத்து, 2 ஓம் ஆக்கி, ஒன்றை முதல் ஜோடியிலும் மற்றதை இரண்டாம் ஜோடியிலும் மாட்டியிருக்கிறார்களா? அப்படியென்றால் விஷயம் முடிந்தது. மோனோ ஆம்பில் இருப்பது ஒரே சேனல். அந்த இரண்டு ஜோடியும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்தவை, வயர் மாட்ட வசதிக்காக வெளியே இரண்டாகக் கொடுத்திருக்கிறார்கள். 2 ஓமும் 2 ஓமும் பேரலலில் 1 ஓம். சத்தம் குறைவாக இருக்கும்போது தாங்கும், கூட்டினால் மின்னோட்டம் எல்லை மீறி ப்ரொடெக்ட். 4 சேனல் ஆம்பைப் பார்த்த கண்ணோடு மோனோவைப் பார்ப்பதால் வரும் தவறு இது. நிறையப் பேர் செய்வார்கள்.

மீட்டரை வைத்துப் பாருங்கள். ஆம்பை அணைத்து, ஆம்பிலிருந்து எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2, 0.3 ஓம் காட்டும், அதைக் கழித்துவிடுங்கள். 4 ஓம் காயில் மீட்டரில் 3.2 முதல் 3.7 வரை காட்டும், 4 காட்டாது. காட்டுவது டிசி தடை, பெயரில் இருப்பது இம்பிடென்ஸ் (ஒலி சிக்னலுக்கான தடை). பயப்பட வேண்டாம்.

அப்படியே ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் வண்டி பாடிக்கும் இடையிலும் அளந்துவிடுங்கள். எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் எங்கோ வயர் தகட்டில் உரசுகிறது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள்தான் பெரும்பாலும். அதுவும் இதே சிவப்பு விளக்கைக் கொண்டு வரும்.

---

செங்காங்_சவாரி எழுதியது:

அண்ணே, நேரில் பார்த்தது போலச் சொல்லிவிட்டீர்கள். இரண்டு ஜோடி முனை, ஜோடிக்கு ஒரு சப். சப் தனித்தனியாக 1.8, 1.7. இரண்டையும் சேர்த்து அளந்தால் 0.9. பாடிக்கு எதுவும் காட்டவில்லை. 2 ஓம் வருகிற மாதிரி எப்படி இணைப்பது? 500 வாட்டும் வேண்டுமே.

---

ஓம்_கணக்கு எழுதியது:

இந்த இரண்டு சப்பை வைத்து 2 ஓம் வராது. 4 ஓம் காயில் நான்கு இருந்தால் கிடைப்பது 1, 4, 16 ஓம் மட்டுமே. 2 ஓம் வேண்டுமென்றால் காயிலுக்கு 2 ஓம் உள்ள சப் வாங்கியிருக்க வேண்டும். வாங்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம், இப்போது பேசிப் பயனில்லை.

ஆக 4 ஓம். அதற்கும் இரண்டு வழி உண்டு, இதில் முதல் வழியை எடுங்கள். ஒவ்வொரு சப்பிலும் முதல் காயிலின் மைனஸை இரண்டாம் காயிலின் ப்ளஸோடு ஒரு சிறு வயரால் இணையுங்கள். மிச்சமிருப்பது முதல் காயிலின் ப்ளஸ், இரண்டாம் காயிலின் மைனஸ். அந்த சப் இப்போது 8 ஓம். இரண்டு சப்பின் ப்ளஸ்களும் ஆம்பின் ப்ளஸுக்கு, இரண்டு மைனஸ்களும் மைனஸுக்கு. 8 ஓமும் 8 ஓமும் பேரலலில் 4 ஓம். மாட்டும் முன் மீட்டரில் 3.4 – 3.8 வருகிறதா பாருங்கள், 0.9 வந்தால் எங்கோ பேரலல் மிச்சமிருக்கிறது, 14 பக்கம் வந்தால் எல்லாமே சீரியஸில் (தொடர் இணைப்பில்) போய்விட்டது.

இன்னொரு வழி, சப்பை 2 ஓமாக்கி இரண்டையும் சீரியஸில் போடுவது. அதுவும் 4 ஓம்தான். ஆனால் ஒரு சப் போனால் மற்றதும் ஊமையாகும். எதற்கு?

வயர் மாட்டும்போது ப்ளஸ் மைனஸில் கவனம். ஒரு காயில் மட்டும் மாறிப்போனால் அந்த சப்பின் இரண்டு காயிலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். பேஸே வராது, காயில் மட்டும் சூடேறும். ஒரு சப் முழுவதும் மாறிப்போனால் ஒன்று முன்னே தள்ள மற்றது பின்னே இழுக்கும், அதிலும் பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: ப்ளஸில் ப்ளஸ் பட்டால் இரண்டு கோனும் வெளியே வர வேண்டும்.

---

பூட்_இடம்_முக்கியம் எழுதியது:

ஓம்_கணக்கு அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஒரு சப்பைத் தூக்கிவிட்டால் என்ன? ஒரே சப், இரண்டு காயிலும் பேரலல், 2 ஓம். ஆம்ப் 500 வரை கொடுக்கும், சப்பின் அளவான 400-ல் நிறுத்தலாம். இரண்டு சப் 4 ஓமில் மொத்தம் 300 வாட்.

டெசிபெல் கணக்கு இப்படி: 400-லிருந்து 300-க்கு இறங்கினால் 1.25 டெசிபெல் நஷ்டம். கோன் இரண்டானால், அதே வாட்டுக்கு 3 டெசிபெல் லாபம். ஆக இரண்டு சப்புக்குக் கிடைக்கும் உபரி 2 டெசிபெல்கூட இல்லை. அந்த 2 டெசிபெலுக்காக ஆல்டிஸ் பூட்டில் பாதியைக் கொடுத்து, வீட்டுக்கு வாங்கும் அரிசி மூட்டையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

---

ஓம்_கணக்கு எழுதியது:

கணக்கில் தப்பில்லை. ஆனால் அவரிடம் இருப்பது இரட்டைப் பெட்டி. ஒரு சப்பைக் கழற்றினால் அங்கே ஓட்டை. மூடினாலும் உள்ளே தடுப்பில்லாத பெட்டியாக இருந்தால் ஒரு சப்புக்குக் கன அளவு இரண்டு மடங்காகிவிடும், கோன் கட்டுப்பாடில்லாமல் ஆடும். புதிதாக ஒற்றைப் பெட்டி செய்ய வேண்டும். சப் கையேட்டில் சீல்டு பெட்டிக்கு எத்தனை லிட்டர் என்று இருக்கும், அதைப் பார்த்துச் செய்ய வேண்டியது. 4 ஓமில் ஆம்பும் குளிர்ச்சியாக ஓடும், பேட்டரியிலிருந்து இழுப்பதும் குறையும். இன்றைக்குக் காசு செலவில்லாமல் ஓட வேண்டுமென்றால் இரண்டு சப், 4 ஓம். பூட் வேண்டுமென்று பிறகு தோன்றினால் உங்கள் வழி.

---

செம்புக்கம்பி எழுதியது:

விளக்கு மங்குவதற்கு வருகிறேன். கெப்பாசிட்டரை மறந்துவிடுங்கள். அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குக் கைகொடுக்கும், மெலிந்த கேபிளையும் மோசமான கிரவுண்டையும் சரிசெய்யாது.

அந்த '4 கேஜ்' கேபிளின் முனையில் ஒரு இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம், சிசிஏ என்பார்கள். அதன் கடத்தும் திறன் செம்பின் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அடுத்து, ரப்பர் உறையைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் கம்பிக் கற்றையின் தடிமனை அளந்து பாருங்கள். உண்மையான 4 கேஜ் 21 சதுர மில்லிமீட்டர், கற்றை சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். மலிவு செட்டில் உறை தடியாக இருக்கும், உள்ளே 8 கேஜ் அளவுதான், அதாவது 8 சதுர மில்லிமீட்டரை ஒட்டி.

இதனால் என்ன ஆகும்? பானெட்டிலிருந்து பூட்டுக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஆம்பியர் ஓடும்போது செம்பு 4 கேஜில் கால் வோல்ட் இழப்பு. செம்பு 8 கேஜில் 0.6 வோல்ட். அதே 8 கேஜ் சிசிஏ என்றால் ஏறக்குறைய 1 வோல்ட். இது ப்ளஸ் பக்கம் மட்டும், கிரவுண்ட் இழப்பு தனி.

இதைவிடப் பெரிய கவலை ஃபியூஸ். செட்டோடு 100 ஆம்பியர் ஃபியூஸ் வந்திருக்கும். ஃபியூஸ் காப்பது கேபிளை, ஆம்பை அல்ல. உள்ளே 8 கேஜ் சிசிஏ இருக்க, 100 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஃபியூஸ் போகும் முன் கேபிள் உருகும். அது ஓடுவது உங்கள் தரைவிரிப்புக்குக் கீழே.

உங்கள் இரண்டு ஆம்புக்கும் கணக்கு: 4 சேனல் கிளாஸ் ஏபி, 300 வாட், 60 சதவீதத் திறன் என்றால் உள்ளே போவது 500 வாட், 13.8 வோல்ட்டில் 36 ஆம்பியர். மோனோ 4 ஓமில் 300 வாட், 80 சதவீதம் என்றால் 27 ஆம்பியர். உச்சத்தில் 63. பாட்டு ஓடும்போது சராசரி இதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதிகம். உண்மையான செம்பு 4 கேஜ், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் 100 ஆம்பியர் ஏஎன்எல் ஃபியூஸ், பூட்டில் ஃபியூஸ் வைத்த டிஸ்ட்ரிப்யூஷன் பிளாக் (கேபிளைக் கிளைகளாகப் பிரிக்கும் கட்டை), அங்கிருந்து ஆம்புக்கு ஒன்றாக 8 கேஜ் செம்பு. ஒவ்வொரு கிளைக்கும் 40 ஆம்பியர் ஃபியூஸ். பானெட்டிலிருந்து உள்ளே வரும் தகட்டில் ரப்பர் குரோமெட் இல்லாமல் கேபிளை நுழைக்கவே கூடாது.

கிரவுண்டை எங்கே போட்டிருக்கிறார்கள்? சீட் பெல்ட் போல்ட்டில் இருந்தால் உடனே கழற்றுங்கள். அது உயிர் காக்கும் போல்ட், அதில் கை வைக்கக் கூடாது. பூட்டில் பாடியோடு வெல்டிங் ஆன தடித்த தகட்டில் ஓர் இடம் பார்த்து, பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்த்து, வளைய முனை, நட்சத்திர வாஷர், போல்ட். கேபிள் அதே 4 கேஜ், நீளம் அரை மீட்டருக்குள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசுங்கள். நம்மூர் ஈரத்துக்கு, தேய்த்த தகடு சீக்கிரமே துருப்பிடிக்கும். இரண்டு ஆம்புக்கும் ஒரே புள்ளி.

எதையும் மாற்றும் முன் அளங்கள். எஞ்சின் ஓட, 50 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சுருதியில் ஒலிக்கும் சோதனைச் சத்தம்) ஓட, பேட்டரி முனையில் எவ்வளவு, ஆம்ப் முனையில் எவ்வளவு, ஆம்பின் கிரவுண்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் எவ்வளவு. பேட்டரியிலேயே இறங்கினால் ஆல்டர்னேட்டர் அல்லது பேட்டரி. பேட்டரியில் நன்றாக இருந்து ஆம்பில் இறங்கினால் கேபிளும் கிரவுண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஏசியோடு நின்றுகொண்டு பேஸ் அடித்தால் கொஞ்சம் மங்கத்தான் செய்யும், ஐடிலில் ஆல்டர்னேட்டர் முழுதாகக் கொடுக்காது. ஓடும்போதும் மங்கினால்தான் கோளாறு.

ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: உங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டர் இல்லை, பெரிய பேட்டரியிலிருந்து டிசி கன்வர்ட்டர் 12 வோல்ட் பேட்டரியை ஏற்றுகிறது. சில வண்டிகளில் அந்த 12 வோல்ட் பேட்டரி பின்னால்தான் இருக்கும், கேபிள் ஒரு மீட்டர்கூட வேண்டாம். ஆரஞ்சு நிறக் கேபிளின் பக்கம் போகவே போகாதீர்கள்.

---

ஹம்_பிடிப்பவன் எழுதியது:

'ஙொய்ய்' சத்தத்துக்கு என் பங்கு. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குவது ஆல்டர்னேட்டர் சத்தம், கிரவுண்ட் லூப் வழியாக வருகிறது. கன்வர்ட்டர் டாஷ்போர்டில் ஒரு கிரவுண்ட், ஆம்ப் பூட்டில் வேறு கிரவுண்ட். இரண்டுக்கும் இடையே உள்ள சின்ன வோல்ட் வித்தியாசம் ஆர்சிஏ-வின் வெளிக்கம்பி வழியாக ஓடுகிறது.

முதலில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆம்பை அணைத்து ஆர்சிஏ-வைப் பிடுங்கிவிட்டு, பிறகு ஆம்பை மட்டும் போடுங்கள். சத்தம் இன்னும் இருந்தால் கோளாறு ஆம்பின் கிரவுண்டில். போய்விட்டால் அதற்கு முன்னால் எங்கோ.

போய்விடும் என்று நினைக்கிறேன். அப்போது ஃபில்டர் எதுவும் வாங்காமல், கன்வர்ட்டரை டாஷ்போர்டிலிருந்து எடுத்து பூட்டில் ஆம்பின் பக்கத்தில் வையுங்கள். அதன் கிரவுண்டை ஆம்பின் அதே போல்ட்டில் போடுங்கள். டாஷ்போர்டிலிருந்து பூட் வரை ஓடுவது முறுக்கிய ஸ்பீக்கர் வயர். அதில் சிக்னல் வலுவாக இருப்பதால் இரைச்சல் ஒட்டாது. ஆர்சிஏ அரை மீட்டர்தான் மிஞ்சும். உங்கள் ஆம்பிலேயே ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் வயரை நேராக மாட்டும் முனை) இருந்தால் கன்வர்ட்டரே தேவையில்லை, கையேட்டைப் பாருங்கள். பவர் கேபிள் ஒரு பக்கம், சிக்னல் வயர் மறுபக்கம். குறுக்கே போக வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

கம்பெனி ஹெட் யூனிட்டின் ஸ்பீக்கர் மைனஸ் வயரை எக்காரணம் கொண்டும் பாடியில் தொடவிடாதீர்கள். ப்ளஸ், மைனஸ் இரண்டிலுமே பாடிக்கு எதிராக 6 வோல்ட் அளவில் டிசி நிற்கும். பாடியில் பட்டால் ஹெட் யூனிட்டின் அவுட்புட் ஐசி போய்விடலாம்.

வயரை வெட்டாமல், இடையில் சொருகும் ஹார்னஸ் வாங்கிப் போடுங்கள். சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமச் சான்றிதழ்) முடிந்து வண்டியைக் கொடுக்கும் நாளில் ஆம்பும் சப்பும் உங்களோடு அடுத்த வண்டிக்கு வரும், கழற்ற அரை மணி நேரம் போதும்.

ரிமோட் வயர் (ஆம்பை இயக்கவும் அணைக்கவும் சொல்லும் வயர்) கன்வர்ட்டரில் இருந்து வந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஃபியூஸ் பெட்டியில் சாவியோடு வரும் ஏசிசி ஃபியூஸில் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் சொருகி, கிளை வயர் எடுக்கும் துண்டு) சொருகி எடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸ் வேண்டாம். முன் பயணியின் கால்பக்கம் புதிய ஈஆர்பி (சாலைக் கட்டணம்) ஓபியு பெட்டி இருந்தால் அதன் வயரையும் தொடாதீர்கள், அந்தப் பக்கம் கேபிள் இழுக்கும்போது அதைத் தள்ளியே கொண்டு போங்கள்.

---

செங்காங்_சவாரி எழுதியது:

சப்பை 4 ஓமுக்கு மாற்றிவிட்டேன், மீட்டரில் 3.6. சத்தம் முக்கால் வரை போயும் சிவப்பு விளக்கு இல்லை.

50 ஹெர்ட்ஸ் டோனில் அளந்தது: பேட்டரியில் 13.8, மோனோ ஆம்பில் 12.8. கிரவுண்ட் பக்கம் மட்டும் 0.4. கேபிளைச் சுரண்டினால் பளபளவென்று வெள்ளை. செம்புக்கம்பி அண்ணன் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார், கேபிள் வரும்வரை மெயின் ஃபியூஸைக் கழற்றி வைத்திருக்கிறேன். ஆர்சிஏ பிடுங்கினால் 'ஙொய்ய்' நிற்கிறது. கேபிள் மாற்றிய பிறகு கெயினை எங்கே வைப்பது? கடையில் முக்கால்வாசி திருப்பி வைத்திருந்தார்கள்.

---

ஓம்_கணக்கு எழுதியது:

1 வோல்ட் போகிறது, அதில் 0.4 கிரவுண்டில். மாற்றிய பிறகு ஆம்பின் கிரவுண்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் 0.1-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெயின் சத்தத்தைக் கூட்டும் திருகல்ல. ஹெட் யூனிட்டின் சிக்னல் அளவுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. அளந்துதான் வைக்க வேண்டும்.

ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஹெட் யூனிட்டில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் சுழியில், ஆம்பில் பேஸ் பூஸ்ட் சுழியில். கெயின் முழுதும் கீழே. ஹெட் யூனிட் வால்யூம் நான்கில் மூன்று பங்கு. மோனோவுக்கு 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபெல் டோன். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கெயினை மெதுவாகத் திருப்புங்கள். எத்தனை வோல்ட்? வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அதுதான். 300 × 4 = 1200, வர்க்கமூலம் 34.6 வோல்ட். ஒரு சப் வழிக்குப் போனால் 400 × 2 = 800, அதாவது 28.3 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். சப்பின் எல்லை 400 என்பதால்.

4 சேனலுக்கு 75 × 4 = 300, அதாவது 17.3 வோல்ட். 1000 ஹெர்ட்ஸ் டோன் எடுக்கச் சொல்வார்கள். மலிவு மீட்டர் பலவும் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசி-யைச் சரியாகக் காட்டாது, அதனால் 300 ஹெர்ட்ஸ் எடுங்கள். அளக்கும்போது 4 சேனலின் ஹை பாஸ் ஃபில்டர் அணைந்திருக்க வேண்டும். கன்வர்ட்டரிலும் ஒரு கெயின் திருகு இருந்தால் அதைப் பாதியில் வைத்துவிட்டு ஆம்பில் மட்டும் விளையாடுங்கள்.

முடிந்ததும் 4 சேனலில் ஹை பாஸ் (மேல் ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், மோனோவில் லோ பாஸ் (கீழ் ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, மோனோவின் ஃபேஸ் பொத்தானை 0-க்கும் 180-க்கும் மாற்றிப் பாருங்கள், பேஸ் எதில் தடிமனாக இருக்கிறதோ அதில் விடுங்கள். இதை மல்டி ஸ்டோரி கார்பார்க்குக்குள் நின்று செய்யாதீர்கள். நாலா பக்கமும் கான்கிரீட், பேஸ் அங்கே பொய் சொல்லும். மேல்மாடி திறந்த தளத்தில் பகலில் பாருங்கள், இரவில் வேண்டாம்.

---

பூட்_இடம்_முக்கியம் எழுதியது:

ஒரு சின்ன விஷயம். காம்போனன்டின் கிராஸ்ஓவர் பெட்டியை (ட்வீட்டருக்கும் கதவு ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரிப்பது) கதவுக்குள் வைத்திருக்கிறார்களா பாருங்கள். கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி அடி ஓட்டை வழியாகப் போவது இயல்பு. டிசம்பர் மழையில் இரண்டு வாரம் நனைந்தால் அந்தப் பெட்டி பச்சை பூத்துவிடும். காலடிப் பக்கப் பலகைக்குப் பின்னால், உள்ளே வையுங்கள்.

---

செங்காங்_சவாரி எழுதியது:

கதவுக்குள்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

கேபிள் செம்பு 4 கேஜ், கிரவுண்ட் பூட் தகட்டில், கன்வர்ட்டர் ஆம்பின் பக்கத்தில். அதே டோன், பேட்டரியில் 13.8, ஆம்பில் 13.6, கிரவுண்டில் 0.06. 'ஙொய்ய்' இல்லை. கெயின் 34.6 வோல்ட்டுக்கு வந்தபோது திருகு கால்வாசிகூடத் திரும்பியிருக்கவில்லை. ஃபேஸ் 180-ல்தான் பேஸ் நன்றாக இருக்கிறது, அப்படியே விடலாமா?

---

ஓம்_கணக்கு எழுதியது:

விடலாம். சப் பூட்டில், கதவு ஸ்பீக்கர் முன்னால். தூரம் வேறு, அதனால் 180 வருவது சகஜம். ஒரு வாரம் ஓட்டிய பிறகு டிஸ்ட்ரிப்யூஷன் பிளாக்கின் திருகுகளை ஒரு முறை இறுக்குங்கள், புதுச் செம்பு இழைகள் அமுங்கித் தளரும்.